கதை நிற்கும் இடத்தில் ஒரு பாட்டு: ஆரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு ஹாலில் எட்டுப் பத்துப் பேர் கூடி ஆப்பரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், கேட்போம். பாதிப் பேர் கச்சேரி ரசிகர்கள். மீதிப் பேர் சினிமா இசை வழியாக மேற்கத்திய இசைக்குள் எட்டிப் பார்த்தவர்கள். நான் பாடகன் அல்ல, பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். புதிதாக ஒருவர் வந்தால் அதே கேள்விகள் வரும். பழைய ஆட்கள் "ஆரம்பிச்சாச்சுப்பா" என்று காபி போட எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஆரியான்னா நடிகர் பேருதானே? இல்ல, ஆரியர் சம்பந்தமா ஏதாவதா?

இரண்டும் இல்லை. இத்தாலிய மொழியில் ஆரியா என்றால் காற்று. அதே சொல்லுக்கு மெட்டு என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்தின் ‘ஏர்’ என்ற சொல்லிலும் இந்த இரட்டைப் பொருளைப் பார்க்கலாம். சமஸ்கிருத ‘ஆர்ய’வோடு இருப்பது ஒலி ஒற்றுமை மட்டும்.

இன்றைய வழக்கில், ஆப்பராவிலோ அதைப் போன்ற பெரிய இசைப் படைப்பிலோ ஒரே ஒருவர், வாத்தியக் குழுவின் துணையோடு பாடும் முழுமையான தனிப்பாடலுக்கு ஆரியா என்று பெயர். இருவர் பாடினால் டூயட். நாலைந்து பேர் சேர்ந்து பாடினால் அதற்கு வேறு பெயர்.

அப்போ சினிமாவுல நடுவுல ஒரு பாட்டு வருமே, அது மாதிரின்னு வெச்சுக்கலாமா?

பாதி சரி. சினிமாவில் பாட்டுக்கு முன்னும் பின்னும் பேசுகிறார்கள். பெரும்பாலான ஆப்பராக்களில் வசனமும் பாட்டுதான். அந்தப் பாட்டு வசனத்துக்கு ரெசிட்டாட்டிவ் என்று பெயர். பேச்சின் வேகத்தில் போகும், தாளக்கட்டு இருக்காது, பின்னால் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியம் அங்கங்கே ஒரு தட்டு தட்டும். கடிதம் வருவது, பொய் சொல்வது, வாளை உருவுவது எல்லாம் ரெசிட்டாட்டிவில் நடந்துவிடும்.

அப்புறம் ஆரியா தொடங்கும். கடிகாரம் நிற்கும். நடந்த விஷயம் அந்த ஆளுக்குள் என்ன செய்தது என்பதுதான் இனிப் பாட்டு. நிஜ வாழ்க்கையில் ஒரு பெருமூச்சில் முடிகிற விஷயம் மேடையில் ஆறு நிமிடம் ஓடும். என்னைக் கேட்டால், ஆரியாவின் 400 வருட வரலாறே ஒரு பஞ்சாயத்துதான்: கதையை யார் நிறுத்தலாம், எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? பாடகரா, இசையமைப்பாளரா, கவிஞரா, டிக்கெட் வாங்கியவரா? கீழே வரும் பதில்களில் இந்தப் பஞ்சாயத்து திரும்பத் திரும்ப வரும்.

ரெசிட்டாட்டிவ் எங்க முடியுது, ஆரியா எங்க ஆரம்பிக்குது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேக்குது.

18-ஆம் நூற்றாண்டு ஆப்பராவில் கண்டுபிடிப்பது சுலபம். ஹார்ப்சிகார்ட் தட்டு நிற்கும். வயலின்கள் சேர்ந்து, பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே மெட்டை வாசித்துக் காட்டும். உங்கள் கால் தானாகத் தாளம் போடும். முக்கியமான அடையாளம், ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். வசனத்தில் யாரும் ஒரே வரியை நாலு முறை சொல்வதில்லை.

1850-க்குப் பிறகு இந்தத் தையல் மெல்ல மறைந்துவிடுகிறது. அங்கே உங்களுக்கு ஒரே மாதிரி கேட்டால் அது உங்கள் காதின் தப்பில்லை.

இதை யாரு கண்டுபிடிச்சது?

ஒரு ஆள் இல்லை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஆரியா என்றால் ஒரு தயார் மெட்டு. குறிப்பிட்ட யாப்பில் எந்தக் கவிதை இருந்தாலும் அதில் ஏற்றிப் பாடிக்கொள்ளலாம். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று மேலே அச்சடித்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ‘ருஜ்ஜியேரோ’ என்று ஒரு மெட்டு அப்படி ஊரெல்லாம் புழங்கியது.

1600-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரில் சில அறிஞர்களும் இசைஞர்களும் பழைய கிரேக்க நாடகத்தை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள். யாக்கொப்போ பெரி 1598-இல் ‘டாஃப்னே’, 1600-இல் ‘யூரிடிசே’ என்று இசை நாடகங்களை எழுதினார். அவர்கள் தேடியது பேச்சு போன்ற பாட்டு. வார்த்தை தெளிவாகக் காதில் விழ வேண்டும், அதுதான் முக்கியம். ஆரியா அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்த விருந்தாளி.

1607-இல் மான்டுவா அரண்மனையில் மாண்டெவர்டியின் ‘ஓர்ஃபேயோ’ அரங்கேறியது. செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போகும் ஓர்ஃபேயோ, படகோட்டி கரோனிடம் ஆற்றைக் கடத்திவிடச் சொல்லிக் கெஞ்சிப் பாடுகிறான். பாட்டின் பெயர் ‘பொஸ்ஸென்தே ஸ்பிர்த்தோ’. சரணத்துக்குச் சரணம் கீழ்ச்சுரங்களின் போக்கு ஏறக்குறைய அதேதான். மேலே பாடும் விதம் மாறுகிறது, துணை வாத்தியமும் மாறுகிறது. 1609-இல் அச்சான இசைப் பிரதியில் பாட்டு இரண்டு வரியாக இருக்கிறது. ஒன்று வெறும் மெட்டு, இன்னொன்று அதே மெட்டு பிருகாக்களோடு. எப்படி அலங்கரிப்பது என்று ஒரு இசையமைப்பாளர் வரைந்தே காட்டிய அபூர்வமான பக்கம் அது. இத்தனை பாடியும் கரோன் மனம் இரங்கவில்லை. கடைசியில் தூங்கிப்போகிறான். அந்தச் சந்தில்தான் ஓர்ஃபேயோ படகேறுகிறான்.

ராஜா வீட்டு விசேஷத்துல பாடினது ஜனங்ககிட்ட எப்படி வந்துச்சு?

டிக்கெட் வழியாக. 1637-இல் வெனிஸில் சான் காஸியானோ என்ற அரங்கு காசு கொடுத்தவர் யாரும் வரலாம் என்று திறந்தது. காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கிரேக்க நாடகத்தைப் பற்றிக் கவலை இல்லை, நல்ல குரலும் நல்ல மெட்டும் வேண்டும். ஆரியாக்களின் எண்ணிக்கை ஏறியது. ஓரத்து விருந்தாளி நடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பிரபலமான வகை, கீழே ஒரு சின்னச் சுரத்தொடர் சுழன்றுகொண்டே இருக்க, மேலே ஒருவர் புலம்புவது. அந்த வகையில் இன்றும் ஆளை உலுக்குவது ஆங்கிலேயர் பர்ஸல் 1680-களில் எழுதிய ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ ஆப்பராவில் டைடோவின் சாவுப் பாட்டு. ஐந்து பார் (தாளச் சுற்று) நீளமுள்ள அடிச்சுரம், படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவது போலக் கீழே போகிறது. மறுபடி மேலிருந்து தொடங்குகிறது. அவள் பாட்டு முடிந்தபிறகும் அது இறங்குகிறது.

‘டா கப்போ’, ‘டா கப்போ’ன்னு அடிக்கடி சொல்றீங்களே, அது என்ன சார்?

‘தலையிலிருந்து’ என்று அர்த்தம். முதல் பகுதி, அதற்கு மாறான இரண்டாம் பகுதி, அப்புறம் முதல் பகுதி மறுபடியும். மூன்றாவதை எழுதவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியின் முடிவில் ‘டா கப்போ’ என்று போட்டுவிடுவார்கள், பாடகர் தலைப்புக்குத் திரும்ப வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லட்டி போன்றவர்களின் கையில் இது நிலைபெற்றது. அடுத்த ஐம்பது அறுபது வருடம் ஆரியா என்றாலே பெரும்பாலும் இதுதான்.

கேட்டுப் பார்க்க ஹாண்டலின் ‘லாஷா கியோ பியாங்கா’ போதும். 1711-இல் லண்டனில் அரங்கேறிய ‘ரினால்டோ’வில் வருவது, அப்போது அவருக்கு 26 வயது. சிறைப்பட்ட பெண் ஒருத்தி, என் கொடும் விதியை நினைத்து அழ விடுங்கள் என்று பாடுகிறாள். மெட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சில சுரங்கள், ஒரு மௌனம், மறுபடி சில சுரங்கள், மறுபடி மௌனம். அந்த மௌனத்தில்தான் விம்மல் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் கொஞ்சம் அசைவு வருகிறது, என் துயரம் இந்தச் சங்கிலியை அறுக்கட்டும் என்கிறாள். அறுபடவில்லை. மறுபடி முதல் வரி.

வேடிக்கை என்னவென்றால் இந்த மெட்டு சோகத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1705-இல் ஹாம்பர்க்கில் ‘அல்மீரா’ ஆப்பராவுக்கு ஹாண்டல் எழுதிய ஒரு நடன இசை அது. 1707-இல் ரோமில் அதே மெட்டுக்கு ‘முள்ளை விடு, ரோஜாவைப் பறி’ என்று வேறு சொற்கள் வந்தன. மூன்றாவது தடவைதான் அழுகை வந்து உட்கார்ந்தது.

அதே வரியைத் திரும்பப் பாடினா போரடிக்காதா?

எழுதியபடியே பாடினால் போரடிக்கும். அப்படிப் பாடக் கூடாது என்பதுதான் விதி. திரும்பி வரும்போது பாடகர் தன் கற்பனையில் பிருகா, ஊசல், தாவல் எல்லாம் சேர்க்க வேண்டும். பல்லவி திரும்பத் திரும்ப வரும்போது சங்கதி ஏறிக்கொண்டே போவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. முதல் தடவை மெட்டு இசையமைப்பாளருடையது. இரண்டாம் தடவை அது பாடகருடையது.

பாடி முடித்ததும் அந்தப் பாத்திரம் மேடையை விட்டு வெளியேறும். கைதட்டல் அதிரும். இதற்கு வசதியாகவே காட்சிகள் எழுதப்பட்டன. வியன்னா அரசவைக் கவிஞர் மெட்டாஸ்டாசியோ இதில் மன்னர். கச்சிதமாக இரண்டு சின்னச் செய்யுள், ஒன்று முதல் பகுதிக்கு, ஒன்று இரண்டாவதுக்கு. அவருடைய ‘அர்த்தஸேர்ஸே’ நாடகத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட தடவை வேறு வேறு இசையமைப்புகள் வந்தன. ஒரே சாகித்யம், எண்பது மெட்டு.

நம்ம கச்சேரியில இதுக்குச் சமமா எதைச் சொல்லலாம்?

நேர் சமம் எதுவும் இல்லை, தேடவும் வேண்டாம். மேலே சொன்ன சங்கதி ஒற்றுமை ஒரு எல்லை வரைக்கும்தான். கச்சேரியில் பாடுபவர் அவராகவேதான் பாடுகிறார். ஆரியாவில் பாடுபவர் இன்னொருவராக மாறி, அந்த ஆளுக்கு அந்த நிமிடத்தில் நேர்ந்ததைப் பாடுகிறார். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நம் பழைய இசை நாடக மேடை கொஞ்சம் கிட்டே வரும். விருத்தம், பாட்டு, ‘ஒன்ஸ்மோர்’, கதை அதுவரை காத்திருப்பது எல்லாம் அங்கேயும் உண்டு.

ஆம்பளைங்க பொம்பளைக் குரல்ல பாடினாங்களாமே, நெஜமா?

நிஜம், கொடூரமான நிஜம். நல்ல குரல் உள்ள சிறுவர்களுக்குக் குரல் உடையும் முன்பே விதைநீக்கம் செய்துவிடுவார்கள். வளர்ந்தபின் அவர்களுக்கு ஆணின் நுரையீரலும் சிறுவனின் குரல்வளையும் இருக்கும். காஸ்ட்ராட்டோ என்று பெயர். டா கப்போ காலத்தின் நாயகர்கள் இவர்களே. ஜூலியஸ் சீசரும் அலெக்சாண்டரும் இவர்கள் குரலில்தான் பாடினார்கள். எல்லோரிலும் பெரிய பெயர் ஃபாரினெல்லி. 1737-இல் ஸ்பெயினுக்குப் போய், மனச்சோர்வில் கிடந்த மன்னர் ஐந்தாம் பிலிப்புக்காக இரவுதோறும் பாடினார். வருடக்கணக்கில் அதே சில ஆரியாக்களைத்தான் பாடினார் என்று ஒரு கதை உண்டு.

கடைசிக் காஸ்ட்ராட்டோக்களில் ஒருவரான மொரெஸ்கியின் குரல் 1902-இலும் 1904-இலும் இசைத்தட்டில் பதிவானது. எங்கள் ஹாலில் ஒருமுறை போட்டோம். கேட்டு முடித்தபின் யாரும் பேசவில்லை. இன்று அந்த வேடங்களைப் பெண்களோ, பெண் ஸ்தாயியில் பாடும் கவுன்டர்டெனர் என்ற வகை ஆண் பாடகர்களோ பாடுகிறார்கள்.

பாடகருங்க ரொம்ப ஆட்டம் போட்டிருப்பாங்களே?

போட்டார்கள். தனக்கு நன்றாக வரும் ஆரியாவைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், எந்த ஆப்பராவாக இருந்தாலும் அதற்குள் செருகிப் பாடுவது சகஜம். ‘பெட்டி ஆரியா’ என்றே அதற்குப் பெயர். கதைக்குப் பொருந்துகிறதா என்று யாரும் கேட்கவில்லை. 1720-இல் பெனெடெட்டோ மார்ச்செல்லோ இந்த உலகத்தைக் கிண்டல் செய்து ஒரு புத்தகமே எழுதினார். வண்ணத்துப்பூச்சி, காடை, படகு, புலி, திமிங்கிலம், வான்கோழி என்று உவமைகளை அள்ளிப் போட்டு ஆரியா எழுதுங்கள், முன்னால் வரும் ரெசிட்டாட்டிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்க வேண்டாம் என்று கவிஞருக்கு அறிவுரை சொல்கிறார்.

இசையமைப்பாளரும் சும்மா இருக்கவில்லை. 1723-இல் பாடகி குஸ்ஸோனி, தனக்குக் கொடுத்த ஆரியா மிக எளிமையாக இருக்கிறது, பாட மாட்டேன் என்றார். ஹாண்டல் அவரை இடுப்பில் பிடித்து, ஜன்னல் வழியாக வீசிவிடுவேன் என்று மிரட்டியதாக ஹாண்டலின் முதல் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அந்த எளிமையான பாட்டுதான் லண்டனில் குஸ்ஸோனிக்குப் பெயர் வாங்கித் தந்தது.

யாருமே இதைத் தட்டிக் கேக்கலையா?

க்ளுக் என்ற இசையமைப்பாளர் கேட்டார். 1762-இல் வியன்னாவில் அவருடைய ‘ஓர்ஃபேயோ’ அரங்கேறியது. நாம் மேலே பார்த்த அதே புராணக் கதை. மனைவியை இரண்டாம் முறை இழந்த ஓர்ஃபேயோ ‘கே ஃபாரோ’ என்று பாடுகிறான்: நீ இல்லாமல் நான் என்ன செய்வேன்? பிருகா இல்லை, வித்தை இல்லை, சோகத்துக்கு வழக்கமான மைனர் சுரவரிசைகூட இல்லை, மகிழ்ச்சிக்கு வழக்கமான மேஜரில் போகிறது. கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

1769-இல் ‘அல்செஸ்தே’ அச்சானபோது அதன் முன்னுரையில் கொள்கையாகவே எழுதினார்: இசை கவிதைக்குத் துணையாக இருக்க வேண்டும், பாடகர் தன் குரலைக் காட்டுவதற்காக நாடகத்தை நடுவழியில் நிறுத்தக் கூடாது. இரண்டாவது பதிலில் சொன்ன பஞ்சாயத்தில் முதல் பெரிய தீர்ப்பு இது. தீர்ப்பை எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது.

மொசார்ட் அப்படி என்ன புதுசா பண்ணிட்டாரு? எல்லாரும் அவரையே தூக்கி வெச்சுப் பேசறாங்களே.

கதையை நிறுத்தினார், ஆனால் நிற்கும்போதே ஆளை நகர்த்தினார். 1786-இல் வந்த ‘ஃபிகாரோ’வில் சீமாட்டியின் ‘டோவே சோனோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் வேலைக்காரியின் பின்னால் அலைகிறான். அவனைப் பிடிக்க இவள் அந்த வேலைக்காரியின் உடையையே போட்டுக்கொள்ள வேண்டிய நிலை. அந்த அழகான நாட்கள் எங்கே போயின என்று மெதுவாகத் தொடங்குகிறாள். நடுவில் கொஞ்சம் கலக்கம். முதல் மெட்டு திரும்ப வருகிறது. சரி, டா கப்போதான் என்று நாம் சாய்ந்து உட்காரும்போது வாத்தியங்கள் வேகம் பிடிக்கின்றன. என் விசுவாசம் அவன் மனத்தை மாற்றினாலும் மாற்றும் என்று ஒரு நம்பிக்கை பிறக்கிறது. பாட ஆரம்பித்தவளும் பாடி முடித்தவளும் ஒருத்தி இல்லை. ஹாண்டலின் சிறைப்பட்ட பெண்ணுக்கு இந்த வழி கிடைக்கவில்லை.

1791-இன் ‘மந்திரப் புல்லாங்குழலில்’ இரவின் அரசி பாடுவது இன்னொரு உதாரணம். மகள் கையில் கத்தியைக் கொடுத்து ஒருவனைக் கொல்லச் சொல்கிறாள் தாய். மேல் ஸ்தாயியில் ஊசி குத்துவது போல வரும் அந்தச் சுரங்கள் முன்பெல்லாம் அலங்காரம். இங்கே அவை வெறி. வார்த்தை தீர்ந்துபோய்க் குரல் மட்டும் சீறுகிறது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் எட்டா மோஸர் பாடிய இந்த ஆரியாவும் இருக்கிறது. அதே தட்டில் ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது.

கேவட்டினா, கேபலெட்டா... என்னண்ணா இது, சமையல் குறிப்பா?

19-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் இரட்டை ஆரியா. ரொஸ்ஸினி, பெல்லினி, டொனிஸெட்டி மூவரும் இதில் குளித்து எழுந்தார்கள். முதலில் மெதுவாக, இழைத்து ஒரு பாட்டு. நடுவில் ஏதாவது நடக்கும்: ஒரு சேதி வரும், ஒரு சத்தம் கேட்கும், மனம் மாறும். அப்புறம் விறுவிறுப்பான கேபலெட்டா, அது இரண்டு முறை. கேவட்டினா என்பது பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் அறிமுக ஆரியா. பெல்லினியின் ‘நோர்மா’வில், 1831, வரும் ‘கஸ்தா திவா’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது முதல் பாதி மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒரு கேபலெட்டா உண்டு.

வெர்டி இந்த அமைப்பை 1853-இல் ‘லா டிராவியாட்டா’வின் முதல் அங்கத்தில் எப்படிப் பயன்படுத்தினார் என்று கவனியுங்கள். இவன்தானோ என் காதல் என்று வயலெட்டா மெல்லக் கேட்கிறாள். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே உதறிக்கொண்டு, நான் என்றும் சுதந்திரமானவள் என்று கேபலெட்டாவில் பறக்கிறாள். அப்போது வெளியிலிருந்து அவன் குரல் கேட்கிறது. அவள் அதற்கு மேலே இன்னும் வேகமாகப் பாடுகிறாள். வாய் சுதந்திரம் என்கிறது, காது அவன் பக்கம் இருக்கிறது.

கடைசியில ஒரே தூக்கா தூக்கறாங்களே உச்சத்துல, அது இசையமைப்பாளர் எழுதினதுதானா?

பல இடங்களில் இல்லை. ‘இல் த்ரோவாத்தோரே’வில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடும் ‘டி குவெல்லா பிரா’வின் மேல் ‘சி’ என்ற உச்ச ஸ்வரம் வெர்டி எழுதியதில்லை, மேடை வழக்கம். இன்று அதைப் பாடாத டெனரை ரசிகர்கள் விட மாட்டார்கள். மேலே சொன்ன வயலெட்டாவின் பாட்டு முடிவில் வரும் உச்ச ஸ்வரமும் அப்படித்தான். டொனிஸெட்டியின் ‘லா ஃபீய் டு ரெஜிமான்’ ஆப்பராவில் ஒரு பாட்டில் வரும் ஒன்பது மேல் ‘சி’க்களில் எட்டு அவரே எழுதியவை, ஒன்பதாவது பாடகர்கள் சேர்ப்பது. 1972-இல் நியூயார்க்கில் இத்தாலிய டெனர் பாவரொட்டி அதைப் பாடி, 17 முறை திரைக்கு முன்னால் வந்து வணங்க வேண்டியிருந்தது. 2007-இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் பெரு நாட்டு டெனர் ஃப்ளோரெஸ் அதே பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கொடுத்தார். அங்கே ஒன்ஸ்மோருக்குப் பல பத்தாண்டுகளாகத் தடை இருந்தது. தீர்ப்பு மறுபடி பாடகர் பக்கம்.

மைக் இல்லாம அவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேல எப்படிக் கேக்குது?

கத்துவதால் இல்லை. வாத்தியக் குழுவின் பலம் சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருக்கிறது, மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆப்பராப் பாடகர், குறிப்பாக ஆண், தொண்டையின் உள்வடிவத்தை மாற்றி 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு கூர்மையை ஏற்றுகிறார். வாத்தியங்கள் காலியாக விட்ட ஜன்னல் அது. ஸ்வீடன் ஆய்வாளர் யோஹன் சுந்த்பெர்க் இதை அளந்து விளக்கினார். பெண்களின் மேல் ஸ்தாயியில் கணக்கு வேறு, வாயைத் திறக்கும் அளவால் சமாளிக்கிறார்கள். அதனால்தான் உச்சத்தில் வார்த்தை புரிவதில்லை.

‘நெஸ்ஸுன் டோர்மா’வும் ‘ஓ மியோ பாப்பினோ காரோ’வும் எல்லா இடத்துலயும் கேக்குது. ரெண்டுமே காதல் பாட்டுதானே?

இரண்டையும் கதையிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. முன்னது புச்சினியின் ‘டூரண்டோட்’டில் வருகிறது. இளவரசியின் உத்தரவு: அந்நியனின் பெயரைக் கண்டுபிடிக்கும் வரை ஊரில் யாரும் தூங்கக் கூடாது, கண்டுபிடிக்காவிட்டால் சாவு. அந்த அந்நியன், நான் ஜெயிப்பேன் என்று பாடுகிறான். நடுவில் தூரத்தில் பெண்கள் குரல் கேட்கிறதே, அது ஏதோ தேவதைக் கோரஸ் இல்லை. அவன் பெயர் யாருக்கும் தெரியாது, நாம் சாகப் போகிறோம் என்கிறார்கள். எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது அந்த வரி புரிந்த அன்றைக்குத்தான். இசைப் பிரதியில் அந்தப் பாட்டு நிற்பதும் இல்லை, கைதட்ட இடம் கொடுக்காமல் அடுத்த காட்சிக்குள் ஓடிவிடுகிறது. நாம் கேட்கும் பிரம்மாண்டமான முடிவு கச்சேரி மேடைக்காக ஒட்டியது. 1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பாவரொட்டியின் பதிவு பரவி, ஆரியா என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது.

பின்னது 1918-இல் வந்த ‘ஜானி ஸ்கிக்கி’ என்ற நகைச்சுவை ஆப்பராவில் இருக்கிறது. ஒரு பெண் தன் அப்பாவிடம், அவனைக் கட்டிவைக்காவிட்டால் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துவிடுவேன் என்கிறாள். அப்பா மசிந்துபோய் உயில் மோசடிக்கு இறங்குகிறார். தேனாகப் பாடும் மிரட்டல். கல்யாண வீடியோக்களில் இதைப் பின்னணியாகப் போடுகிறார்கள், போடட்டும்.

இப்படிப் பிய்ப்பது இசைத்தட்டு வந்ததோடு வேகம் பிடித்தது. 1902 ஏப்ரலில் மிலானில் டெனர் கரூஸோ 100 பவுண்டுக்குப் பத்துப் பாட்டுப் பாடிப் பதிந்தார். தட்டில் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான் ஓடும். ஆரியாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

நம்ம பக்கத்துக் கதை எதாவது ஆப்பராவுல இருக்கா?

இருக்கிறது, ஆனால் பாரிஸில் உட்கார்ந்து கற்பனை செய்தது. பிஸே 1863-இல் எழுதிய ‘முத்துக் குளிப்பவர்கள்’ இலங்கையில் நடக்கிறது. அதில் நாதிர் பாடும் ‘ஜ க்ருவா ஆந்தாந்தர்’ ஊஞ்சல் ஆடுவது போல மிதக்கும் ஒரு ஆரியா. தென்னை பனை மறைவில் லெய்லாவின் குரல் இன்னும் கேட்பது போலிருக்கிறது என்கிறான். அந்த லெய்லாவின் வேலை, பாறை மேல் நின்று பாடிக் கடலில் இறங்குபவர்களைக் காப்பது. மன்னார் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகள் நிஜமாகவே இருந்தார்கள்.

1883-இல் வந்த டெலிப்பின் ‘லாக்மே’ இன்னும் சுவாரசியம். கடைத்தெருவில் நீலகண்டன் என்ற பூசாரி, தன் மகளை மறைவாகக் காதலிக்கும் ஆங்கிலேயனைப் பிடிக்க, அவளைப் பாட வைக்கிறான். அவள் பாடும் ‘மணிப் பாட்டு’ ஒரு ‘பரியா’ பெண்ணைப் பற்றியது. பறையர் என்ற தமிழ்ச் சொல்தான் போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுச்சொல்லாகிவிட்டது. பாட்டில் அவள் மணியை அசைத்துக் காட்டு மிருகங்களை அடக்கி, ஒரு வழிப்போக்கனைக் காப்பாற்றுகிறாள். அவன் யாரென்றால் விஷ்ணு, ‘பிரம்மாவின் மகன்’. எங்கள் கூட்டத்தில் இந்த வரி வரும்போதெல்லாம் ஒரு பாட்டி தலையில் அடித்துக்கொள்வார். குரல் மட்டும் மணிபோல ஒலிக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

ஆப்பரா இல்லாம தனியா ஆரியா இருக்குமா?

தாராளமாக. பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற கிறிஸ்தவ பக்தி இசைப் படைப்பில் நிறைய ஆரியாக்கள் உண்டு. ‘எர்பார்மெ டிஹ்’ஹில் குரலோடு சேர்ந்து ஒரு தனி வயலின் அழுகிறது. கச்சேரிக்காகவே மொசார்ட்டும் பேத்தோவனும் தனி ஆரியாக்கள் எழுதியிருக்கிறார்கள். பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்ற படைப்பில் முதலிலும் கடைசியிலும் வரும் ஆரியாவில் பாட்டே கிடையாது, விசைப்பலகை மட்டும். மெட்டு என்ற பழைய பொருள் அங்கே எஞ்சி நிற்கிறது.

வாக்னர்ல ஆரியாவே கிடையாதாமே?

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பிற்கால ஆப்பராக்களில் ஏறக்குறைய கிடையாது. பாட்டு, வசனம், நிறுத்தம், கைதட்டல் என்று நாடகத்தைத் துண்டு போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ‘டிரிஸ்டான்’ 1865-இல் வந்தது. அதில் இசை ஒரே ஆறாக ஓடுகிறது, கரையேற இடமே கிடையாது. வெர்டியும் கடைசியில், 1893-இன் ‘ஃபால்ஸ்டாஃப்’பில், பிய்த்தெடுக்க முடியாதபடி எழுதினார். மேலே சொன்ன புச்சினி ஒரு நடுவழி பிடித்தார்: ஆற்றில் ஓடிக்கொண்டே, மூன்று நிமிடம் படகை நிறுத்தினார்.

கதை நிக்கற இடம்தான் ஆரியான்னீங்க. ‘லா டொன்னா எ மோபிலே’ கதையையே திருப்பிப் போடுதே, அது எப்படி?

இதைக் கேட்டவர் கல்லூரி மாணவி ஒருத்தி. சரியான கிடுக்கிப்பிடி. வெர்டியின் ‘ரிகொலெட்டோ’, 1851, கடைசி அங்கம். பிரபு, பெண் மனம் நிலையில்லாதது என்று ஜாலியாகப் பாடுகிறான். அந்த நேரத்தில் அது வெறும் சத்திரத்துப் பாட்டு, நிஜ வாழ்க்கையிலும் ஒருவன் இப்படிப் பாடுவான். கூலிக்குக் கொலை செய்பவனிடமிருந்து ரிகொலெட்டோ ஒரு மூட்டையை வாங்குகிறான், உள்ளே பிரபுவின் பிணம் என்று நினைத்து. ஆற்றில் தள்ளப் போகும்போது தூரத்தில் அதே மெட்டு, அதே குரல். அப்படியென்றால் மூட்டையில் யார்? அவன் மகள்.

என் வரையறையில் ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். அந்த மெட்டு முதல் தடவை மனத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் தடவை வேலை செய்யாது. கதையை நிறுத்துவது போல நடித்து, வெர்டி நம் காதில் ஒரு சாட்சியை ஒளித்து வைத்திருக்கிறார்.

இப்பவும் யாராவது ஆரியா எழுதறாங்களா?

எழுதுகிறார்கள். ஜான் ஆடம்ஸின் ‘டாக்டர் அடாமிக்’, 2005, அணுகுண்டு சோதனைக்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. முதல் அங்கத்தின் முடிவில் ஓப்பன்ஹைமர் குண்டின் எதிரில் தனியாக நின்று, ஜான் டன்னின் 17-ஆம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றைப் பாடுகிறார். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் செய்ய வேறு எதுவும் இல்லை, நிற்பதைத் தவிர. பழைய புலம்பல் ஆரியாவின் நிழல் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. இப்போது கதையை நிறுத்துவது இசையமைப்பாளரின் விருப்பம், மரபின் கட்டாயம் இல்லை.

ஆரியாவையே கிண்டல் பண்ற ஆரியா இருக்கா?

இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ரோஸன்காவலியர்’, 1911. சீமாட்டியின் காலை நேர தர்பார். முடி திருத்துபவர், வியாபாரி, உதவி கேட்டு வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். நடுவே ஒரு இத்தாலிய டெனர் நின்று, காதல் என் நெஞ்சைத் தாக்கியது என்று பழைய பாணியில் உருகிப் பாடுகிறார். கதையில் அவருக்கு வேறு வேலையே இல்லை. கிண்டல்தான், ஆனால் மெட்டு நிஜமாகவே அழகு. இரண்டாம் சரணத்தில் அவர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வக்கீலோடு சீர்வரிசைக் கணக்குப் பேசிக்கொண்டிருக்கும் பிரபு, கோபத்தில் மேஜையை ஓங்கிக் குத்திக் கத்துகிறார். டெனர் அப்படியே பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.